நாலடித் தண்ணீரும் 310 ஏக்கரும்: ஒரு மானாவாரிக் கண்மாயின் கணக்கு

பின்னணி

ராமநாதபுரம் மாவட்டத்தின் வடக்குக் கடற்கரையோரம், கடலிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு ஊர்க் கண்மாயில் ஒரு பருவத்தில் நடந்தது இது. ஊர், ஆட்கள் பெயரைத் தவிர்த்திருக்கிறோம். வைகைத் தண்ணீர் இந்தக் கண்மாய்க்கு வராது. மழையும், மேலே உள்ள இரண்டு கண்மாய்கள் நிறைந்து கலிங்கு (மிகுதி நீர் வெளியேறும் இடம்) வழியும் நீருமே வரத்து. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 310 ஏக்கர் என்பதால் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. 100 ஏக்கருக்குக் குறைந்திருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம் இருந்திருக்கும். வயலுக்கு நீர் திறக்கும் மடை மூன்று, கலிங்கு ஒன்று. மடைக்கல் எனப்படும் மடையின் அடிக்கல்லிலிருந்து கலிங்கு மட்டம் வரை உயரம் 7 அடி. நிறைந்தால் நீர் பரவும் இடம் 62 ஹெக்டேர், கொள்ளளவு ஏறத்தாழ 5 லட்சத்து 20 ஆயிரம் கன மீட்டர்.

மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 827 மி.மீ. அதில் ஐந்தில் மூன்று பங்கை வடகிழக்குப் பருவம் தருகிறது. ஆகவே கண்மாய் ஆண்டுக்கு ஒருமுறைதான் நிறையும், நிறையாத ஆண்டுகளும் உண்டு. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே விதைக்கும் புழுதி விதைப்பு செய்வார்கள். ஐப்பசி மழையில் முளைத்து வளரும் நெல்லுக்குக் கடைசி இரண்டு மூன்று நனைப்பைக் கண்மாய் தரவேண்டும். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாயும் இதே சமவெளியில்தான் இருக்கிறது. தரை சமமாக இருப்பதால் இங்குள்ள கண்மாய்கள் பரந்து கிடக்கும், ஆழம் இருக்காது. வைகை அணையின் முழு மட்டம் 71 அடி, இங்கே 7 அடி. வெயில் ஒரு நாளில் குடிக்கும் உயரம் இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எழுபதடியில் அது துளி, ஏழடியில் கொள்ளை.

அந்த ஆண்டு விதைப்பு ஒரே சீராக முளைக்கவில்லை. அக்டோபர் இரண்டாம் வார மழையில் 190 ஏக்கர் முளைத்தது. மற்ற 120 ஏக்கரில் முளைத்தது காய்ந்துபோய், மறுவிதைப்பு நவம்பர் முதல் வாரத்தில்தான் பிடித்தது. ஒரே ஆயக்கட்டுக்குள் 22 நாள் இடைவெளியில் இரண்டு பயிர். பின்னால் வந்த சிக்கல் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

டிசம்பர் 18: கண்டது

மழை நின்று 13 நாள் ஆகியிருந்தது. மடைக்கல்லுக்கு மேல் நீர் 4 அடி. ஊரில் எல்லோரும் "பாதிக் கண்மாய்க்கு மேல் இருக்கு" என்றே பேசினார்கள். 7 அடியில் 4 அடி என்றால் பாதிக்கு மேல்தான், ஆனால் அது உயரத்தில். கண்மாய் தட்டு மாதிரி விரிந்திருப்பதால் மேலே உள்ள ஒவ்வொரு அடியும் கீழே உள்ள அடியைவிட அதிகத் தண்ணீரைப் பிடிக்கும். துறையின் பழைய கொள்ளளவு அட்டவணைப்படி 4 அடிக்கு இருப்பு 1,28,600 கன மீட்டர், அதாவது முழுக் கொள்ளளவில் கால் பங்கு. அட்டவணை பழையது என்பதால், தண்ணீர் விளிம்பை ஒட்டி இரண்டு பேர் கைப்பேசியில் பரப்பளக்கும் செயலியைப் போட்டுக்கொண்டு சுற்றி நடந்தார்கள். 66 ஏக்கர் என்று காட்டியது. அட்டவணையோடு ஒத்துவந்தது.

ஒரு ஏக்கரில் 5 செ.மீ. தண்ணீர் கட்ட 200 கன மீட்டர் வேண்டும். இதை 'ஒரு ஏக்கர் நனைப்பு' என்று வைத்துக்கொண்டால் பேச்சு எளிதாகிறது. வாய்க்காலில் வழக்கமாக 30 விழுக்காடு போய்விடும். ஆகவே மடையில் 285 கன மீட்டர் விட்டால்தான் வயலில் ஒரு நனைப்பு. இருப்பு முழுவதும் சேர்ந்து 450 நனைப்பு. ஊருக்கு வேண்டியது ஏக்கருக்கு இரண்டு என்றால்கூட 620.

அடுத்ததாக, சும்மா இருந்தாலே ஒரு நாளில் எவ்வளவு போகிறது என்று பார்த்தார்கள். மார்கழியில் ஆவியாதல் நாளுக்கு 5 மி.மீ. என்று கொண்டால், 26.8 ஹெக்டேர் பரப்பில் 1,340 கன மீட்டர். தரை நல்ல களிமண், கசிவு குறைவு. மூடிக் கிடந்த மடைகளில் இரண்டு ஒழுகின. முதல் மடைக்குக் கீழே வாய்க்காலை மண்போட்டு மறித்து, ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக 200 லிட்டர் டிரம்மில் விழவிட்டுப் பார்த்ததில் 31 நொடியில் டிரம் நிறைந்தது. இரண்டாம் மடையில் 45 நொடி. பார்ப்பதற்கு ஓடையில் சலசலவென்று ஓடும் சிறு நீர்தான். நாள் கணக்கில் இரண்டும் சேர்ந்து 940 கன மீட்டர்.

ஆக, ஒரு நாள் தள்ளிப்போட்டால் 2,280 கன மீட்டர், அதாவது 8 ஏக்கர் நனைப்பு, யாருக்கும் இல்லாமல் போகிறது. பொங்கல் வரை காத்திருக்கலாம் என்று சொன்னவர்களிடம் இந்த எண் இதற்குமுன் இருந்ததில்லை.

கூட்டத்தில் வந்த கோரிக்கைகள்

நான்கு தரப்பு இருந்தது. முன்விதைப்புக்காரர்கள் உடனே திறக்கச் சொன்னார்கள்: பயிர் பொதியில் (கதிர் இன்னும் தாளுக்குள் இருக்கும் பருவம்) நிற்கிறது, ஜனவரி முதல் வாரம் கதிர் வெளிவரும். பின்விதைப்புக்காரர்கள் எல்லா ஏக்கருக்கும் சமமாகக் கொடு அல்லது பொங்கல்வரை நிறுத்திவை என்றார்கள், அவர்கள் பயிருக்கு ஜனவரி கடைசியில்தான் பூ. ஆயக்கட்டுக்கு வெளியே 22 ஏக்கரில் முண்டு மிளகாய் போட்டவர்கள் மாசி வரை எஞ்சின் வைத்து இறைக்க நீர் கேட்டார்கள். மீன்பாசி (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை) குத்தகைக்காரர் 2 அடியாவது நிற்கவேண்டும் என்றார்.

வயதான நீர்பாய்ச்சி ஒருவர் சொன்னதுதான் பேச்சைத் திருப்பியது: "பொதியில ஒரு தண்ணி, பூவுல ஒரு தண்ணி. அந்த ரெண்டுல ஒண்ணு தப்புனாலும் சாவிதாம்ப்பா. மத்த நாள்ல பயிரு பொறுத்துக்கும்." சாவி என்றால் மணி பிடிக்காத பதர். பின்விதைப்பில் மூன்று ஏக்கர் வைத்திருந்த அம்மா ஒருவர், பாசனச் சங்கத் தலைவரைப் பார்த்து, "எம்பயிரு மட்டும் பொறுத்துக்கணுமா தம்பி?" என்று கேட்டார். அதற்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை.

சமமாகப் பங்கிட்டால் என்ன ஆகும் என்று தாளில் போட்டுப் பார்த்தார்கள். 310 ஏக்கருக்கும் ஒரு நனைப்புக்கு 88,000 கன மீட்டர் செலவாகும். ஆவியாதலும் கழிந்தபின் இரண்டாவதாக ஐம்பது, அறுபது ஏக்கருக்கு மேல் கிடைக்காது. முன்விதைப்புக்குப் பொதியில் தண்ணீர் உண்டு, பூவில் இல்லை. பின்விதைப்புக்குக் கிடைக்கும் ஒரு நனைப்போ, பயிர் தாங்கிக்கொள்ளக்கூடிய பருவத்தில் வீணாகும். நியாயமாகத் தெரிந்த பங்கீடு எல்லோரையும் சேர்த்தே இறக்கிவிடும் என்பது அந்தத் தாளில் தெரிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, திறப்பதற்குமுன் ஒழுக்கை அடைப்பது. ஆள் முங்கிச் சாக்கும் வைக்கோலும் திணித்த முதல் முயற்சி ஒரே இரவில் தோற்றது. நீரின் இழுப்பு அத்தனையையும் இடுக்கு வழியாக உருவிவிட்டது. மறுநாள் மடையின் முன்னால் அரைவட்டமாக 90 மணல் மூட்டை அடுக்கி, உள்ளே இருந்த நீரை 5 குதிரைத்திறன் எஞ்சினால் இரண்டு மணி நேரம் இறைத்தார்கள். ஷட்டருக்கு அடியில் ஒரு கருவேல வேர்த்துண்டும் உடைந்த செங்கல் ஒன்றும் சிக்கியிருந்தன. அவற்றை எடுத்ததும் ஷட்டர் பெரும்பாலும் உட்கார்ந்துவிட்டது. மிச்ச இடுக்குக்குப் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை ஷட்டரின் அடி விளிம்பில் போல்ட் போட்டு இறுக்கினார்கள். திருகுக் கம்பிக்கு கிரீஸ். இரண்டு மடைக்கும் சேர்த்துச் செலவு 7,800 ரூபாய். சித்திரையில், கண்மாய் வறண்டு கிடக்கும்போது செய்திருந்தால் மூட்டையும் எஞ்சினும் வேண்டியிருக்காது, ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்கும்.

இரண்டாவது, முறைப்பாசனம். ஒரு நேரத்தில் ஒரு வாய்க்காலில் மட்டும் முழு ஓட்டம், மற்ற பிரிவுகளை மண் மூட்டையால் அடைப்பது. மெல்லிய நீராக நான்கு வாய்க்காலில் விட்டால் நான்கையும் நனைப்பதற்கே பாதி போகும். ஒரே வாய்க்காலில் வேகமாக விட்டதில் இழப்பு 30 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. கடைமடைக்கும் மேட்டு வயலுக்கும் முதலில் கொடுத்தார்கள். கண்மாயில் 4 அடி நிற்கும்போதுதான் நீர் மேட்டில் ஏறும், இரண்டடிக்கு வந்துவிட்டால் பள்ள வயலுக்கு மட்டுமே பாயும்.

மூன்றாவது முடிவுதான் கடினமானது. முன்விதைப்பு 190 ஏக்கருக்குப் பொதியில் 5 செ.மீ., பூவில் 4 செ.மீ. மிஞ்சுவதைப் பின்விதைப்பில் பள்ளமாக உள்ள 58 ஏக்கருக்கு ஜனவரி 12 வாக்கில் ஒரு நனைப்பு. மீதி 62 ஏக்கருக்குத் தண்ணீர் இல்லை என்று டிசம்பர் 19 அன்றே சொல்லிவிடுவது. சொல்லாமல் இழுத்தடித்தால் அவர்கள் அடுத்த உரத்துக்கும் களைக்கும் ஏக்கருக்கு இரண்டாயிரத்துக்கு மேல் செலவழித்திருப்பார்கள். இழப்பீடாக ஏக்கருக்கு 1,000 ரூபாய் பேசினார்கள். மீன்பாசிக் குத்தகையில் ஊருக்கு வரும் 60,000 ரூபாயில், நீர் குறைவதற்காகக் குத்தகைக்காரருக்கு 20,000 தள்ளுபடி போக 40,000 இதற்கு; மிச்சம் மிளகாய்க்காரர்கள் கட்டும் பணத்திலிருந்து. மிளகாய்க்காரர்களுக்கு மடைக்கல்லுக்குக் கீழே கரையோரக் கிடங்கில் நிற்கும் நீரை, மணிக்கு 150 ரூபாய் கட்டணத்தில் இறைக்க அனுமதி. அந்த நீர் மடை வழியாக எப்படியும் வெளியே வராது. இறைக்க டீசல் செலவு உண்டு, நெல்லுக்குக் கட்டாது, மிளகாய்க்குக் கட்டும்.

நடந்தது

டிசம்பர் 21 முதல் ஆறு நாளில் முதல் சுற்று முடிந்தது. 47,500 கன மீட்டர் செலவு.

டிசம்பர் 29 இரவு யாரோ மூன்றாம் மடையை ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாகத் தூக்கிவிட்டார்கள். விடிகாலையில் பார்த்து மூடும்வரை எட்டு மணி நேரம் ஓடியது. துளையின் அளவையும் நீர் உயரத்தையும் வைத்துக் கணக்கிட்டால் 3,200 கன மீட்டருக்குமேல், 13 ஏக்கர் நனைப்பு. அதில் பெரும்பகுதி வயலைத் தாண்டி வடிகாலில் போயிருந்தது. யார் என்று கூட்டத்தில் கேட்கவில்லை. கேட்காதது நல்லது என்றே நினைக்கிறோம். தண்ணீர் கிடையாது என்று சொல்லப்பட்ட 62 ஏக்கருக்குச் சொந்தக்காரர்கள்மீது பழி போடும் இடமாகக் கூட்டம் மாறியிருந்தால் இரண்டாம் சுற்று நடந்திருக்காது. அன்றே மூன்று திருகுக்கும் சங்கிலியும் பூட்டும் போட்டு, சாவியை இரண்டு தரப்பிலும் ஒவ்வொருவரிடம் கொடுத்தார்கள்.

ஜனவரி 4 இல் இரண்டாம் சுற்று. கடைசியில் இரண்டாம் மடைக்குட்பட்ட 11 ஏக்கர் மேட்டு வயலுக்கு நீர் ஏறவில்லை. அந்த இரவில் போன தண்ணீரின் உயரம்தான் குறைந்தது. ஜனவரி 12 இல் பள்ள வயல் 58 ஏக்கருக்கு மிச்சம் பாய்ந்தது. மடைக்கல் தெரிந்தது.

இடையில், ஜனவரி 10, 11 தேதிகளில் 18 மி.மீ. மழை பெய்தது. ஒரு நனைப்பில் மூன்றில் ஒரு பங்கு. கைவிட்ட 62 ஏக்கரில் 38 ஏக்கரை அதற்குள் மாட்டுத் தீவனத்துக்கு அறுத்திருந்தார்கள். 24 ஏக்கர் அறுக்காமல் நின்றது.

அறுவடையில் களத்து எடை, ஏக்கருக்கு: இரு நனைப்பும் பெற்ற 179 ஏக்கரில் சராசரி 1,350 கிலோ. பூவில் தண்ணீர் தப்பிய 11 ஏக்கரில் 850. பள்ள வயல் 58 ஏக்கரில் 800. கைவிட்டும் நின்ற 24 ஏக்கரில் 350.

தண்ணீரின் விலை

பூவில் தண்ணீர் தப்பியதற்கு விளைச்சலில் 500 கிலோ வித்தியாசம். கிலோ 20 ரூபாய் என்றால் ஏக்கருக்கு 10,000. மடையில் விட்டிருக்கவேண்டியது 200 கன மீட்டர். ஜனவரி முதல் வாரத்தில் அந்தக் கண்மாயில் ஆயிரம் லிட்டருக்கு 50 ரூபாய் மதிப்பு. இதே தண்ணீருக்கு நவம்பரில், வானமே பெய்துகொண்டிருந்தபோது, ஒரு பைசா மதிப்பில்லை. பிப்ரவரியில், நெல் முற்றியபின், மிளகாய்க்காரர் மணிக்கு 150 ரூபாய் கொடுத்து இறைத்தது 36 கன மீட்டர். அதாவது ஆயிரம் லிட்டருக்கு நான்கு ரூபாய் சொச்சம், டீசல் தனி. தேக்கி வைப்பதன் பயன் முழுவதும் அந்த ஒரு வாரத்துக்குத் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இருக்கிறது. அதைத் தாண்டியும் வைத்திருந்தால் வெயிலுக்கு வைத்திருப்பதாகும்.

ஒழுக்கையும் இதே தராசில் வைக்கலாம். நாளுக்கு 940 கன மீட்டர் என்று டிசம்பர் 20 முதல் ஜனவரி 4 வரை 15 நாள் ஓடியிருந்தால் 14,000. பள்ள வயல் 58 ஏக்கருக்குப் பாய்ந்தது அவ்வளவுதான். 7,800 ரூபாய் ரப்பரும் மணல் மூட்டையும் காப்பாற்றியது அந்த 58 ஏக்கரை.

சரியாக அமையாதவை

இழப்பீடு குறைவு. டிசம்பர் வரை ஏக்கருக்கு ஒன்பதாயிரம் செலவழித்தவருக்கு 1,000 ரூபாய் என்பது ஆறுதல் தொகை. அதிலும் குத்தகைப் பணம் தை மாதம் வந்தது. மிளகாய்ப் பணம் 22,500 பங்குனியில்தான் வந்தது, பாதிப் பேர் மூன்று மாதம் காத்திருந்தார்கள்.

மழை விஷயத்தில் மனக்கசப்பு தீரவில்லை. தீவனத்துக்கு அறுத்தவருக்கு ஏக்கருக்கு 2,500 கிடைத்தது. நிறுத்திவைத்தவருக்கு 350 கிலோவில் அறுவடை வண்டி வாடகை போக 4,600. "நீங்க சொன்னதாலதான் அறுத்தோம்" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. டிசம்பர் 19 இல் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் முடிவு சரி. ஆனால் 'தண்ணீர் இல்லை' என்று சொல்வதோடு நின்றிருக்க வேண்டும், 'அறுத்துவிடுங்கள்' என்று சொன்னது சங்கத்தின் வேலையே இல்லை.

பயிர்க் காப்பீட்டை யாரும் நினைக்கவில்லை. இழப்பீடு ஒவ்வொரு வயலையும் பார்த்து வருவதில்லை, கிராமச் சராசரி விளைச்சலை வைத்து வருகிறது. 179 ஏக்கரின் நல்ல விளைச்சல் சராசரியைத் தூக்கிவிட்டதால், கைவிடப்பட்ட வயலுக்கும் காப்பீடு வரவில்லை. முன்விதைப்பைக் காப்பாற்றியதன் விலையில் ஒரு பங்கை இந்த 62 ஏக்கரும் கொடுத்திருக்கிறது. ஏக்கருக்கு 1,000 என்று பேசும்போது இந்தக் கணக்கு மேசையில் இருந்திருந்தால் தொகை வேறாக இருந்திருக்கும்.

அடுத்த பருவத்துக்கு மாற்றியவை

வறட்சியில் தூர்வாரும் பேச்சு வந்தது. 2017 இல் குடிமராமத்து (ஊராரே சேர்ந்து நீர்நிலையைப் பராமரிக்கும் பழைய வழக்கம்) அரசுத் திட்டமாகத் திரும்ப வந்தபின் எல்லா ஊரிலும் முதலில் எழும் கோரிக்கை இதுதான். மடையோரம் 20,000 கன மீட்டர் தோண்ட, மண்வாரி இயந்திர வாடகையும் டிப்பரும் சேர்த்துக் கன மீட்டருக்கு 60 ரூபாய், மொத்தம் 12 லட்சம் ஆகும். அதில் இரண்டு தடை. மடைக்கல்லுக்குக் கீழே தோண்டும் குழியில் நிற்பதை எஞ்சின் வைத்துத்தான் எடுக்கமுடியும். இரண்டாவது, கடல் பக்கம். ஐந்தடி ஆழத்தில் வெட்டிப் பார்த்த சோதனைக் குழியில் மூன்றாம் நாள் ஊறிய நீர் வாயில் வைக்கமுடியாத உப்பு. களிமண் படுகையைக் கிழித்துவிட்டால் மேலே நிற்கும் நல்ல தண்ணீரும் கெடும். ஆகவே மடைக்கல் மட்டத்துக்கு மேலே படிந்த வண்டலை மட்டும், அதையும் விவசாயிகள் வயலுக்கு அள்ளிக்கொள்ள அனுமதி வாங்கி, எடுப்பது என்று முடிவானது.

கலிங்கில் அரையடிப் பலகை போட்டு உயர்த்தலாம் என்றும் ஒருவர் சொன்னார். 62 ஹெக்டேரில் அரையடி என்றால் 94,000 கன மீட்டர், செலவு பலகைக்கு மட்டும். ஆனால் உள்வாயில், அதாவது கண்மாய் நீர் விளிம்பை ஒட்டி, உள்ள பட்டா நிலங்கள் மூழ்கும், கரையின் பாதுகாப்பு உயரமும் குறையும். அதைவிட முக்கியம், அந்த ஆண்டு கண்மாய் நிறையவே இல்லை. நிறையாத பாத்திரத்தைப் பெரிதாக்கி என்ன செய்வது?

அதனால் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலை நடந்து பார்த்தார்கள். 4.2 கிலோமீட்டரில் மூன்று இடத்தில் சீமைக்கருவேலம் வாய்க்காலை மூடியிருந்தது. ஒரு சாலைக் குறுக்கே பதித்த குழாயின் அடி, வாய்க்கால் தரையைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது. சிறுமழை எல்லாம் அதற்குப் பின்னாலேயே தேங்கி வற்றியிருக்கிறது. குழாயை இறக்கிப் பதிக்கத் துறைக்கு மனு கொடுத்து, மரத்தை ஊரே வேரோடு எடுத்தது. விதைப்பையும் ஒரே வாரத்துக்குள் முடிப்பதாக எழுதி ஒப்பமிட்டார்கள். மறுவிதைப்பு போடுகிறவர் நெல்லுக்குப் பதில் சிறுதானியம் போடவேண்டும்.

முதல் மடையின் கல்லில் அடிக்கோடுகள் மட்டுமே இருந்தன. இப்போது ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் இருப்பையும் வெள்ளை பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள்: 7 அடி 100 பங்கு, 6 அடி 68, 5 அடி 43, 4 அடி 25, 3 அடி 12, 2 அடி 4, 1 அடி 1. தண்ணீர் ஒவ்வோரடி இறங்கும்போதும் விளிம்பைச் சுற்றி நடந்து பரப்பை அளந்து, இரண்டு பரப்புக்கும் நடுச் சராசரியை ஓரடி உயரத்தால் பெருக்கி இந்த எண்களைச் சரிபார்க்கிறார்கள். வண்டல் சேரச் சேர எண் மாறும் என்பதால், ஆண்டுதோறும் பெயிண்ட் அடிக்கும் பொறுப்பு பின்விதைப்பில் பயிரை இழந்தவர்களில் ஒருவரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது.